செய்தி, அறிவிப்பு, காப்புரிமை: டர்பனில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

டர்பனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோர், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனுக்குச் செய்தி எப்படி வருகிறது என்பது பாதி. 'எனக்கு ஒரு ஆப் யோசனை இருக்கு, யாரும் எடுத்துக்காம எப்படிக் காப்பாத்துறது' என்பது மீதி.

இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. செய்தி எந்த வழியாகப் போகிறது என்று தெரியாதவரால், தன் யோசனை அந்த வழியில் எந்த இடத்தைப் புதிதாக மாற்றுகிறது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடியாவிட்டால் காப்புரிமைப் பேச்சே இல்லை. பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் எழுதியிருக்கிறேன். நாட்டின் பெயர் சொல்லாத இடத்தில் சட்டம் என்றால் தென்னாப்பிரிக்கச் சட்டம்.

மெசேஜும் நோட்டிபிகேஷனும் ஒண்ணுதானே?

இல்லை. செய்தி என்பது உங்கள் அக்கா எழுதிய வரி. அறிவிப்பு என்பது 'ஒரு வரி வந்திருக்கிறது, பாருங்கள்' என்று போன் உங்களைக் கூப்பிடுவது. பெரும்பாலான ஆப்களில் இவை இரண்டும் வெவ்வேறு வழியாக வருகின்றன. அதனால்தான் சில நேரம் மணி அடித்தபிறகும் ஆப்பைத் திறந்தால் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் ஆப்பைத் திறந்தால் ஐந்து செய்தி கிடக்கிறது, ஒன்றுக்கும் மணி அடிக்கவில்லை.

வாட்ஸ்அப்ப மூடித்தான் வெச்சிருக்கேன். அப்புறம் எப்படி டிங்னு சத்தம் வருது?

உங்கள் போனில் நாற்பது ஆப் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் தன் சர்வரோடு தனித்தனியாக ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு 'எனக்கு ஏதாவது வந்ததா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் காலி. ஆகவே போன் ஒரே ஓர் இணைப்பைத்தான் எப்போதும் திறந்து வைக்கிறது. ஐபோன் என்றால் அது ஆப்பிளின் சர்வரோடு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் சர்வரோடு. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கே ஒரு தபால்காரர் போதும் என்பது போன்ற ஏற்பாடு.

ஆப்பை நிறுவும்போது அதற்கு டோக்கன் என்ற நீண்ட அடையாளச் சரம் கிடைக்கிறது. அதை ஆப் தன் சர்வரிடம் கொடுத்து வைக்கிறது. யாராவது உங்களுக்கு எழுதினால், ஆப்பின் சர்வர் அந்த டோக்கனைக் குறிப்பிட்டு ஆப்பிளிடமோ கூகுளிடமோ ஒரு சிறு பொட்டலத்தைத் தருகிறது. பொட்டலத்தின் அளவு வழக்கமாக 4 கிலோபைட்டுக்குள். போனில் ஓடும் இயங்குதளம் அதை வாங்கி மணி அடிக்கிறது, தேவையென்றால் தூங்கும் ஆப்பையும் எழுப்புகிறது. வாட்ஸ்அப் மூடியிருந்தால் என்ன, அந்த ஒற்றை இணைப்பு மூடவில்லையே.

இதையெல்லாம் யார் கண்டுபிடிச்சாங்க? ஒரு பேர் சொல்லுங்க.

ஒரே பெயர் சொன்னால் பொய்யாகிவிடும். அடுக்கு அடுக்காகப் பலர் கட்டியது இது. தகவலைச் சிறு பொட்டலங்களாக உடைத்து அனுப்பும் எண்ணம் 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனுக்கும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியாகத் தோன்றியது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-ல் வெளியிட்ட கட்டுரை, பல வலைகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை வகுத்தது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்க ஆராய்ச்சி வலையான ஆர்பாநெட் அந்த விதிகளுக்கு மாறியது. இன்றைய இணையம் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். அந்த விதிகளுக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இணையம் இப்படிப் பரவியிருக்குமா என்பது சந்தேகம்.

முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் போனது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. முன்பு சொன்ன ஒற்றை இணைப்பு முறையை ஆப்பிள் 2009-ல் எல்லா ஆப்களுக்கும் திறந்துவிட்டது. கூகுள் 2010-ல் தன்னுடையதைக் கொண்டுவந்தது. வெறும் 'நிலை' காட்டும் ஆப்பாகத் தொடங்கிய வாட்ஸ்அப் முழுச் செய்தி ஆப்பாக மாறியதும் 2009-ல் அந்த அறிவிப்பு வசதி வந்த பிறகுதான். அதற்கும் முன்பே மின்னஞ்சலை போனுக்குத் தேடிவந்து சேர்த்தது பிளாக்பெர்ரி. அதற்காக அந்த நிறுவனம் கொடுத்த விலை பற்றிப் பிறகு.

இமெயிலைக் கண்டுபிடிச்சது நம்ம சிவா அய்யாதுரைதானே?

தமிழர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 1978-ல், பதின்பருவத்தில், அவர் ஒரு அலுவலக அஞ்சல் நிரல் எழுதினார். 'இமெயில்' என்ற பெயருள்ள அந்த நிரலுக்கு 1982-ல் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார். அந்த வயதில் அது பெரிய வேலை, அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஒரு கணினியில் இருப்பவர் வலை வழியாக இன்னொரு கணினியில் இருப்பவருக்கு எழுதுவதை ரே டாம்லின்சன் 1971-லேயே ஆர்பாநெட்டில் செய்து காட்டிவிட்டார். முகவரிக்கு நடுவே இன்று போடும் சுழிக் குறியைத் தேர்ந்தெடுத்ததும் அவரே. பதிப்புரிமை என்பது எழுதப்பட்ட நிரலுக்கு உரியது. 'இந்த யோசனை முதலில் எனக்கு வந்தது' என்பதற்கு அது சான்று ஆகாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மூன்று நான்கு இடங்களில் தேவைப்படும்.

தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா ரெண்டு மடங்கு காசு போகுது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை இல்லை, கணக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்டுக்குத்தான் இடம். அழைப்பை இணைப்பதற்காக ஏற்கெனவே இருந்த கட்டுப்பாட்டுத் தடத்தின் இடுக்கில் செருகியதால் இந்த அளவு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கிடைக்கிறது. 1985 வாக்கில் ஜெர்மானியர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் 160 போதும் என்று முடிவு செய்தார். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே 70 குறிதான்.

குறி என்று சொல்வதைக் கவனியுங்கள். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துத் தரமான யூனிகோடுக்கு ஐந்து குறி, ஏனென்றால் இகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலும் இடம் பிடிப்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67 தான் மிஞ்சும். கோயில் திருவிழா அழைப்பை முழுத் தமிழில் எஸ்எம்எஸ்ஸாக நூற்றுக்கணக்கான பேருக்கு அனுப்பும் கமிட்டிக்காரர்கள் இதைக் கணக்கிட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஊருக்கு அனுப்புற மெசேஜ் செயற்கைக்கோள் வழியாத்தானே போகுது?

பெரும்பாலும் கடலடிக் கேபிள் வழியாக. நம் மாகாணத்தின் ம்டுன்சினி கடற்கரையில் பல கேபிள்கள் கரையேறுகின்றன. அவற்றில் ஒன்றான சேஃப் கேபிளின் வழியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு வரும்: தென்னாப்பிரிக்கா, ரீயூனியன், மொரிஷியஸ், கொச்சி, பினாங்கு. நம் முன்னோர் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த கரைகளையே தொட்டுத் தொட்டுப் போகிறது.

உங்கள் செய்தி அந்த வழியில்தான் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் அது ஆப்பின் சர்வர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அது ஐரோப்பாவாகவும் இருக்கலாம். ஒரு கேபிள் அறுந்தால் போக்குவரத்து வேறு கேபிளுக்குத் திருப்பிவிடப்படும். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நான்கு கேபிள்கள் அறுந்தன. மே மாதம் நம் கிழக்குக் கரையில் ஈசியும் சீகாமும் அறுந்தன. அந்த நாட்களில் எல்லாமே மந்தமாகியும் செய்திகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பொட்டலமாக உடைத்து அனுப்பும் முறையின் பலன் அது.

லோட் ஷெடிங் முடிஞ்சதும் எல்லா மெசேஜும் ஒரே நேரத்துல வந்து கொட்டுது. சிலது வரவே மாட்டேங்குது. எங்க போச்சு?

மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் ஓடும். பேட்டரியும் தீர்ந்தால் உங்கள் போனின் அந்த ஒற்றை இணைப்பு அறுந்துவிடும். செய்தி அழியாது. நடுவில் உள்ள சர்வர் பிடித்து வைத்திருந்து, இணைப்பு வந்ததும் தள்ளிவிடும். வாட்ஸ்அப் சேராத செய்தியை 30 நாள் வரை வைத்திருக்கும். ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் சர்வர் வரை போயிருக்கிறது, இரண்டு என்றால் போனில் இறங்கிவிட்டது.

அறிவிப்பின் கதை வேறு. கூகுளின் அறிவிப்புச் சேவை அதிகபட்சம் நான்கு வாரம் வைத்திருக்கும், ஆனால் அனுப்பியவர் 'பத்து நிமிடத்தில் போகாவிட்டால் விட்டுவிடு' என்று சொல்லியிருக்கலாம். சமையல் எரிவாயு வண்டி வாசலில் நிற்கிறது என்ற அறிவிப்பை மறுநாள் தருவதில் பயன் என்ன? அதோடு ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் தூக்க நிலைக்குப் போகும். அவசரம் என்று குறிக்கப்படாத அறிவிப்புகள் அது விழிக்கும் வரை காத்திருக்கும். சில போன் தயாரிப்பாளர்கள் பேட்டரி மிச்சத்துக்காக ஆப்களை இன்னும் கடுமையாக முடக்குகிறார்கள். முக்கியமான ஆப்புக்கு அமைப்பில் போய் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது போதும்.

நோட்டிபிகேஷன்ல வர்றத ஆப்பிளும் கூகுளும் படிக்க முடியுமா?

ஆப் எழுதியவரைப் பொறுத்தது. செய்தியின் வாசகத்தை அப்படியே பொட்டலத்தில் போட்டு அனுப்பினால், வழியில் உள்ள அந்த இரண்டு நிறுவனங்களின் சர்வரிலும் அது படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். வாட்ஸ்அப், சிக்னல் போன்றவை 'ஏதோ வந்திருக்கிறது' என்ற சைகையையோ மறையாக்கிய (வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய) வடிவத்தையோதான் அனுப்பும், வாசகத்தை போனே பிரித்துக் காட்டும். வாட்ஸ்அப் தன் முழு மறையாக்கத்தை 2016 ஏப்ரலில் முடித்தது.

எந்த போனுக்கு, எந்த ஆப்பிலிருந்து, எப்போது அறிவிப்பு வந்தது என்ற விவரத்தை மட்டும் மறைக்க முடியாது. 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அரசுகள் இந்த விவரத்தை அந்த நிறுவனங்களிடம் கேட்டு வாங்குவதாக வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஆப் எழுதப்போகும் பிள்ளைகள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். பொட்டலத்தில் வாசகம் வேண்டாம்.

மிக்ஸிட் நம்ம நாட்டுக் கண்டுபிடிப்புதானே? வாட்ஸ்அப் அதக் காப்பியடிச்சதுதானா?

மிக்ஸிட் என்ற அரட்டை ஆப், இங்கே ஸ்டெல்லன்போஷில் ஹெர்மன் ஹ்யூனிஸ் தொடங்கியது. வாட்ஸ்அப் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சாதாரணப் பொத்தான் போனில் டேட்டா வழியாக அரட்டை அடிக்கவிட்டது. எஸ்எம்எஸ் விலையில் மிகச் சிறிய பங்குதான் செலவானது. இன்று முப்பதுகளில் இருக்கும் டர்பன்காரர் யாரைக் கேட்டாலும் பள்ளியில் மேசைக்கு அடியில் மிக்ஸிட் பார்த்த கதை இருக்கும். ஸ்மார்ட்போன் காலத்தில் பின்தங்கி 2016-ல் மூடப்பட்டது.

காப்பி என்று சொல்வது சரியில்லை. டேட்டா வழியாக உடனடிச் செய்தி அனுப்புவது கணினியில் மிக்ஸிட்டுக்கு முன்பே இருந்தது. பல பேர் ஒரே திசையில் நடந்தார்கள்.

ப்ளீஸ் கால் மீ வழக்குல அந்தத் தம்பிக்கு பேட்டன்ட் இருந்துச்சா?

இல்லை. ஆப் யோசனை உள்ள ஒவ்வொருவரும் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு இறுதியில் இங்கோசானா மகாடே வோடாகாம் என்ற போன் நிறுவனத்தில் பயிற்சிக் கணக்காளராக இருந்தார். அவருடைய காதலி தூரத்து ஊரில் இருந்தார், போனில் பேசக் காசு இருக்காது. பணமே இல்லாத போனிலிருந்து 'என்னைக் கூப்பிடு' என்று ஒரு சைகை அனுப்ப வழியிருந்தால்? அதை எழுதி, பொருள் மேம்பாட்டுக்குப் பொறுப்பான இயக்குநரிடம் கொடுத்தார். பயன்பட்டால் பங்கு தரப்படும் என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். 2001-ல் சேவை வந்தது, நாடு முழுக்கப் பரவியது. பங்கு வரவில்லை. அவர் வழக்குப் போட்டார். கீழ்மன்றங்களில் தோற்றபின், 2016 ஏப்ரல் 26 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: அந்த இயக்குநருக்கு அதிகாரம் இருப்பதுபோல் நிறுவனம் காட்டிக்கொண்டதால் அந்த வாக்கு நிறுவனத்தையும் கட்டும், நல்லெண்ணத்தோடு பேசித் தொகையை முடிவு செய்யுங்கள் என்றது. 2019-ல் நிறுவனத் தலைவர் 4 கோடியே 70 லட்சம் ராண்ட் என்றார். மகாடே ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் வருவாயில் சதவீதம் தரச் சொன்னது. 2025 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. கடைசியில் அந்த நவம்பரில் இருதரப்பும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கு முழுவதும் ஒப்பந்தத்தைப் பற்றியது, காப்புரிமையைப் பற்றியது இல்லை. இன்னொன்று: இதே போன்ற சேவையைப் போட்டி போன் நிறுவனமான எம்டிஎன் 2001 தொடக்கத்தில், வோடாகாமுக்கும் முன்பே அறிமுகப்படுத்தியது. அங்கே அதை உருவாக்கியவர் அரி கான். ஒரே தேவை இரண்டு இடத்தில் ஒரே விடையைத் தந்திருக்கிறது. கண்டுபிடித்தது யார் என்ற சண்டையில் இறங்காமல், 'வாக்கு கொடுத்தார்கள், காப்பாற்றவில்லை' என்று நின்றதால்தான் மகாடேவின் வழக்கு நிலைத்தது. அதற்கும் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் போயின. ஒரு பக்க எழுத்து ஒப்பந்தம் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பதறும்.

சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட்டே கிடையாதுன்னு வக்கீல் அங்கிள் சொன்னாரே?

பாதி சரி. 1978-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் காப்புரிமைச் சட்டம், பிரிவு 25, கண்டுபிடிப்பு ஆகாதவற்றைப் பட்டியலிடுகிறது: கணித முறை, வணிகம் செய்யும் முறை, தகவலைக் காட்டும் விதம், கணினி நிரல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதே பிரிவு, அந்த விலக்கு அந்தப் பொருள் 'வெறுமனே அதுவாகவே' இருக்கும் அளவுக்குத்தான் என்றும் சொல்கிறது. நிரல் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கும் கருவியாக இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்றே இங்குள்ள காப்புரிமை வழக்கறிஞர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அதோடு அது உலகுக்கே புதிதாக இருக்க வேண்டும், அந்தத் துறைக்காரருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும்.

நிரலின் எழுத்துக்குப் பாதுகாப்பு தனியே உண்டு. எழுதிய கணமே பதிப்புரிமை வந்துவிடும், விண்ணப்பம் வேண்டாம். அது எதைக் காக்காது என்பதை அய்யாதுரை கேள்வியில் பார்த்தோம்.

அப்போ நோட்டிபிகேஷன் விஷயத்துல எதுக்குத்தான் பேட்டன்ட் கிடைக்கும்? உதாரணம் காட்டுங்க.

'அன்னதானம் தயார் என்று பக்தர்களுக்கு அறிவிக்கும் ஆப்' என்று ஒரு தம்பி வந்தார். நல்ல ஆப், செய்யுங்கள் என்றேன். ஆனால் அதில் கண்டுபிடிப்பு இல்லை. தெரிந்த குழாயில் புதுச் செய்தி ஓடுகிறது, அவ்வளவுதான். அதே தம்பி, டவரின் பேட்டரி தீரப்போகிறது என்பதை முன்கூட்டி அறிந்து, அவசர அறிவிப்புகளை மட்டும் முன்னே தள்ளி, மற்றதையெல்லாம் ஒரே பொட்டலமாகச் சுருக்கும் ஒரு முறையைக் கண்டால் பேசலாம். வலையின் வேலையே அங்கே மாறுகிறது. சிக்கல் என்ன, எந்தப் படியில் என்ன மாற்றினீர்கள், அளந்து காட்டக்கூடிய பலன் என்ன என்ற மூன்றுக்கும் வரைபடத்தோடு பதில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் எல்லை இன்னும் தாராளமாக இருந்தது. அரட்டையில் ஒரு குழுவின் அறிவிப்பை மட்டும் அமைதியாக்கும் வசதி இருக்கிறதே, அதற்கே பிளாக்பெர்ரியிடம் காப்புரிமை இருந்தது. படிக்காத செய்தியின் எண்ணிக்கையைச் சின்னத்தின் மேல் காட்டுவது தொடர்பாகவும் ஒன்று. இவற்றை வைத்து 2018-ல் ஃபேஸ்புக் மீது வழக்குப் போட்டது; 2021-ல் சமரசம் ஆனது. முன்பு பிளாக்பெர்ரியே மறுபக்கத்தில் நின்றது: கம்பியில்லா மின்னஞ்சலுக்கு தாமஸ் கம்பானா என்ற பொறியாளர் பெற்ற காப்புரிமைகளை வைத்திருந்த என்டிபி என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், 2006 மார்ச்சில் 61.25 கோடி டாலர் கொடுத்து மீண்டது. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் கடிவாளம் போட்டபின், வெறும் யோசனையைக் கணினியில் ஏற்றியதற்கெல்லாம் அங்கேயும் எளிதில் கிடைப்பதில்லை. அது நல்லதே என்பது என் கருத்து. குழுவை அமைதியாக்கும் பொத்தானை ஒரே ஆள் இருபது ஆண்டு பூட்டி வைப்பது சிறிய ஆப் எழுதுபவர்களுக்கு நியாயமாகப் படவில்லை.

சிஐபிசி சான்றிதழ் கொடுத்துட்டா என் கண்டுபிடிப்பு சரின்னு அர்த்தம்தானே?

இல்லை. இது பலரை ஏமாற்றும் இடம். காப்புரிமையைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான, பிரிட்டோரியாவில் உள்ள சிஐபிசி, காகிதம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. உலகில் வேறு யாராவது இதை முன்பே செய்திருக்கிறார்களா என்று தேடுவதில்லை. செயற்கை நுண்ணறிவு ஒன்றைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய டாபஸ் விண்ணப்பத்துக்கு 2021-ல் உலகிலேயே முதலில் இங்கே காப்புரிமை கிடைத்ததும் இந்த வழியில்தான்.

ஆகவே கையில் உள்ள சான்றிதழை யாராவது எதிர்த்தால்தான் அதன் பலம் தெரியும். போட்டியாளர் 'இது 2012-லேயே வெளிவந்த விஷயம்' என்று காட்டினால் காப்புரிமை ரத்தாகலாம். பணம் கட்டும் முன் உலக அளவிலான தேடலை நீங்களே செய்துவிடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பும் இலவசம்.

தைப்பூசத்தன்னிக்கு கோயில்ல எல்லாருக்கும் ஆப்ப ஓட்டிக் காமிச்சிட்டேன். இனி அப்ளை பண்ணலாமா?

அந்த யோசனையின் உள்விவரம் வெளியே தெரிந்திருந்தால், இங்கே வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்படுத்தியோ, உலகில் எங்கே பொதுமக்களுக்குத் தெரியவந்தாலும் புதுமை போய்விடும். நீங்களே சொன்னதும் அதில் சேரும். வெளியே பயன் மட்டும் தெரிந்து, உள்ளே சர்வரில் நடப்பது யாருக்கும் தெரியாது என்றால் வாதாட இடம் இருக்கலாம். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். நியாயமான தொழில்நுட்பச் சோதனைக்காக வெளியே ஓட்டிப் பார்த்ததற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் திருவிழாக் கூட்டத்தைச் சோதனை என்று நிரூபிப்பது கடினம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு.

இதைத் தவிர்க்க எளிய வழி முதற்கட்ட விண்ணப்பம். அதை நீங்களே தாக்கல் செய்யலாம், கட்டணம் மிகக் குறைவு. அது 12 மாதத்துக்கு உங்கள் தேதியைப் பிடித்து வைக்கும். அதன்பின் தைரியமாகக் காட்டலாம். அந்த 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போக வேண்டும், அதில் காப்புரிமை வழக்கறிஞரின் கையெழுத்து கட்டாயம். ஒருவரிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சொல்வது வெளியீடு ஆகாது. ஐம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு.

இங்க வாங்கினா சென்னையிலயும் செல்லுமா?

செல்லாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. முதல் தாக்கலிலிருந்து 12 மாதத்துக்குள், அதே தேதியின் பலனோடு இந்தியாவில் விண்ணப்பிக்கலாம். அல்லது தென்னாப்பிரிக்கா 1999-ல் சேர்ந்த பிசிடி என்ற பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியே ஒரே சர்வதேச விண்ணப்பம் போட்டு, எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய முதல் தேதியிலிருந்து சுமார் 30 மாதம் வரை நேரம் வாங்கலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) வெறும் நிரலையும் அல்காரிதம் எனும் கணக்கு வழிமுறையையும் விலக்குகிறது. அங்கே காப்புரிமை அலுவலகமே புதுமையை ஆராய்ந்து பார்க்கும், ஆகவே இங்கே கிடைத்தது அங்கே மறுக்கப்படுவது சாதாரணம்.

கம்பெனில வேலை பாக்குறேன். ராத்திரி வீட்ல எழுதின ஆப் யாருக்குச் சொந்தம்?

உங்கள் வேலையின் எல்லைக்குள் வருவதா என்பதே கேள்வி, நேரம் ராத்திரியா பகலா என்பது அல்ல. செய்தி அனுப்பும் மென்பொருள் எழுதவே சம்பளம் வாங்குபவர் வீட்டில் செய்தி மென்பொருளை மேம்படுத்தினால் நிறுவனம் உரிமை கேட்கலாம். வங்கியில் கணக்கெழுதுபவர் எழுதினால் நிலைமை வேறு. பிரிவு 59 தெளிவாகச் சொல்கிறது: வேலை எல்லைக்கு வெளியே செய்த கண்டுபிடிப்பையும் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. வேலையை விட்டு ஓராண்டுக்குப் பின் செய்ததைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையும் செல்லாது. மகாடேயும் கணக்காளர்தான், பொருள் உருவாக்குவது அவர் வேலை அல்ல.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு: அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கு 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு, வருவாயில் பங்கு கண்டுபிடித்தவருக்கு. ஆராய்ச்சியில் சேரும் முன் அங்குள்ள தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓப்பன் சோர்ஸ் எடுத்துச் செஞ்சா பேட்டன்ட் தொல்லை இல்லதானே?

ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்த நிரல் என்றால், தொல்லை குறையும், ஒழியாது. எம்க்யூடிடி என்ற இலகுவான செய்தி விதியை 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், செயற்கைக்கோள் வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கினார்கள். இன்று அது எல்லாருக்கும் திறந்த தரநிலை, அறிவிப்பு ஆப்களுக்கு அருமையாகப் பொருந்தும். மென்பொருளை எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். அப்பாச்சி 2.0 உரிமம், பங்களித்தவர்களின் காப்புரிமையையும் பயன்படுத்த அனுமதி தருகிறது; எம்ஐடி உரிமம் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளின் காப்புரிமையிலிருந்து எந்த உரிமமும் உங்களைக் காக்காது.

கோயில் லிஸ்ட்ல இருக்குற எல்லா நம்பருக்கும் அறிவிப்பு அனுப்பலாமா?

கோயில் வேலைக்காக அவர்களே கொடுத்த எண்ணுக்குப் பூசை நேரம் அனுப்புவது ஒன்று. அதே பட்டியலுக்கு உறவுக்காரர் கடையின் தீபாவளித் தள்ளுபடியை அனுப்புவது வேறு. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, மின்வழி விளம்பரத்துக்கு முன்னனுமதி வேண்டும். வேண்டாம் என்பவர் விலக எளிய வழியும் வேண்டும்.

வழக்கறிஞருக்குக் குடுக்கக் காசே இல்ல. அப்போ யோசனைய விட்டுட வேண்டியதுதானா?

விடாதீர்கள். முதற்கட்ட விண்ணப்பம் உங்களாலேயே முடியும் என்று தைப்பூசக் கேள்வியில் சொன்னேன். அதில் கஞ்சத்தனம் செய்யாமல், ஒவ்வொரு படியையும் மாற்று வழிகளையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் முழு விண்ணப்பத்தில் புதிதாகச் சேர்ப்பதற்கு அந்தப் பழைய தேதி கிடைக்காது. உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் கண்டுபிடிப்பாளர் உதவித் திட்டத்தில் தென்னாப்பிரிக்காவும் இருக்கிறது. வசதி குறைந்தவர்களுக்குக் காப்புரிமை வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் உதவுகிறார்கள், விண்ணப்பம் சிஐபிசி மூலம். 12 மாதம் வேகமாக ஓடிவிடும், ஆகவே முதற்கட்டத் தாக்கல் செய்த வாரமே இதற்கும் எழுதிப் போடுங்கள்.